பின்னணியில் என்ன கேட்கிறது

ஜூன் 9, திங்கள்

சசி காலை ரயிலில் சூரத் போய்விட்டார். சாயப்பட்டறைக்கு வாங்கப்போகும் புது இயந்திரத்தைப் பழகிக்கொள்ள இருபது நாள் பயிற்சி. அம்மா, அண்ணியின் பிரசவத்துக்காகக் கோவையில் இருக்கிறார். ஈரோட்டில் இந்த மாடி வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும். அமுதினிக்கு வரும் வெள்ளியோடு ஐந்து மாதம்.

போகும்போது, "பயமா இருந்தா இதுல எழுது, எனக்குப் போன் பண்ணாத" என்று சிரித்தபடி இந்த டைரியைக் கொடுத்தார். போன மாதம் ஒரே நாளில் அவரைப் பதினோரு முறை கூப்பிட்டதற்கான கிண்டல். பாப்பா தும்மினால் ஒரு போன், வெகுநேரம் தும்மாவிட்டால் ஒரு போன்.

அவள் தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. துணி காய்ந்துவிட்டது, மடிக்கவில்லை. வெந்நீர் ஆற வைத்திருக்கிறேன். கதவை மூன்று முறை பார்த்தாயிற்று.

ஜூன் 11, புதன்

பகல் பதினொன்றரைக்குக் கீழே கேட். தண்ணீர் கேன்காரர் என்றால் கொண்டியைத் தூக்கிப் போடுவார், தெருவுக்கே கேட்கும். கீழ்வீட்டு ராஜாமணி அக்கா இரண்டு தட்டில் மாட்டுவார். இன்று வந்தவர் கொண்டி விழாமல் கையில் பிடித்து மெல்ல வைத்தார். அதனாலேயே எட்டிப் பார்த்தேன்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், வெள்ளைச் சட்டை. கூட அவர் மனைவி, கையில் ஆப்பிள் பை. பூபதி, ரேணுகா என்று பெயர் சொன்னார்கள். கவுந்தப்பாடிப் பக்கமாம், நூல் வியாபாரம். நான் "யாருங்க?" என்று கேட்ட அந்த ஒரு சொல்லிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பத்து நொடி கோகிலா தானுங்களே. இந்தக் குரலு மறக்குமா?"

என் வானொலிப் பெயர் அது. என்னை அப்படிக் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது. உள்ளே வரச் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடாதே என்று சசி சொல்லியிருந்தார். ஆனால் கூட ஒரு பெண் இருக்கிறாள், நல்ல குடும்பம் என்று பார்த்தாலே தெரிந்தது.

விஷயம் இதுதான். அவருடைய தங்கை சுபாஷினி, இருபத்திரண்டு வயது, ஒன்றரை வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய்விட்டாள். "அந்தப் பையன்" கூட. வேறு ஆட்களாம். போன மாதம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது: நன்றாக இருக்கிறேன், குழந்தை பிறந்திருக்கிறது என்று. பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. அம்மா படுத்த படுக்கை. அந்தப் பதிவில் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து இடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். பழைய வானொலி அலுவலகத்தில் கேட்டு என் விலாசம் வாங்கினாராம்.

கண் கலங்கிப் பேசினார். நானும் கலங்கினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண், பெற்ற அம்மாவின் உதவி இல்லாமல் எங்கேயோ. எனக்கே இங்கே எல்லா வசதியும் இருந்தும் இந்தப் பாடு.

நடுவில், "நீங்க எந்தூருங்க, நம்ம ஆளுங்க தானுங்களே?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

ரேணுகா ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்ச சுபாவம் போல.

ஜூன் 12, வியாழன்

பாப்பா தூங்கிய இரண்டு மணி நேரமும் ஹெட்போனோடு இருந்தேன். வெகுநாளைக்குப் பிறகு என் காதுக்கு ஒரு வேலை.

நாடா வானொலியைப் பற்றி எங்குமே எழுதிவைக்கவில்லை. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவின் பெயர்தான் நிலையத்துக்கு. கல்லூரியின் பழைய ரசாயனக் கிடங்கு எங்கள் ஸ்டூடியோ. என்ன நுரைப்பலகை ஒட்டியும் அமில வாசனை போகவில்லை. ஆனால் சுற்றி பதினைந்து கிலோமீட்டருக்கு எந்தத் தறிக்குடோனுக்குப் போனாலும் எங்கள் சத்தம்தான். தறியின் இரைச்சலில் பாட்டு கேட்காது, பேச்சு மட்டும் கேட்கும் என்பார்கள். அதனால் எங்களுக்குப் பாட்டுக்காரர்களை விட மதிப்பு.

'பத்து நொடி' என் யோசனை. கூப்பிடுகிறவர் ஊரைச் சொல்லக்கூடாது. போனைக் கையில் நீட்டிப் பத்து நொடி சும்மா இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாரிமுத்து அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். பத்தாவது விரலில் நான் ஊரைச் சொல்வேன். தெருவைக் கூடச் சொன்னதுண்டு. ஒருவர் பத்து நொடியும் தன் மாமியார் திட்டுவதை நீட்டினார். "ஊரு தெரியலீங்க, ஆனா இவங்க நேத்துக் கூப்பிட்டு மருமகனைப் பத்தி எங்கிட்டச் சொன்னாங்க" என்றேன். மாரிமுத்து அண்ணன் நாற்காலியிலிருந்து விழுந்தே போனார்.

ஒரு கல்லூரிப் பெண் ஹாஸ்டலில் இருப்பதாகச் சொல்லிப் பேசினாள். பின்னால் மதகில் தண்ணீர் விழும் சத்தம், மீன் வறுக்கும் சத்தம். "ஹாஸ்டலுக்குள்ள எப்பங்க தடுப்பணை கட்டுனாங்க?" என்று கேட்டேன். அதை ஒரு மாதம் விளம்பரத்துக்குப் போட்டார்கள்.

நாலு வருடம். கருவுற்றதும் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார், விட்டுவிட்டேன்.

சுபாஷினியின் பதிவு நாற்பத்தொரு நொடி. விசைத்தறிகள், மூன்றோ நான்கோ. குழந்தைகள் கும்பலாக எண் சொல்கிறார்கள், அங்கன்வாடி போல. தூரத்தில் ரயில்.

ஜூன் 13, வெள்ளி

பாப்பாவுக்கு மூக்கடைப்பு. ஐந்து மாதம் முடிந்தது. யாரும் போன் செய்யவில்லை. பூபதி மட்டும் இரண்டு முறை.

ஜூன் 15, ஞாயிறு

ரயில் தரையில் ஓடும்போது ஒரு சத்தம். இரும்புப் பாலத்தில் ஏறியதும் அடியில் ஒன்றும் இல்லாததால் அது கும்மென்று திறந்துகொள்ளும். இந்தப் பதிவில் அந்தக் கும்மென்ற சத்தம் ஒன்பது நொடி. பிறகு வண்டி தரைக்கு வந்ததும் வேகம் எடுக்கிறது. ஈரோட்டுக்குள் வருகிற வண்டி என்றால் குறைக்கும். ஆகவே காவிரிப் பாலம், வண்டி சேலம் பக்கம் போகிறது. கண்டுபிடித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். அவள் என் மேல் கக்கினாள்.

பூபதிக்குக் கொஞ்சம் சொன்னேன்.

"உங்க பாதத்தத் தொட்டுக் கும்பிடணுமுங்க" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

டானிக் காலையும் மாலையும் அரை மூடி. கேஸ் சிலிண்டர் வந்தது.

இன்று இரண்டு புதிய விஷயம். ஒன்று, இருபதாவது நொடியில் நீளமான ஒரு சீறல். குக்கர் இல்லை, அத்தனை நீளம் குக்கரில் வராது. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் ஆலையில் கொதிகலன் நீராவி விடுகிற சத்தம். பாலத்துக்கு அருகே அப்படி எத்தனை ஆலை இருக்கும்? அதில் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் எத்தனை?

இரண்டாவது, தறிகளில் ஒன்று நொண்டுகிறது. நாலு தட்டுக்கு ஒரு தட்டு தாமதம். அதன் தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன். இருபத்தெட்டாவது நொடியில் என் கை தவறியது. மீண்டும் போட்டேன், மீண்டும் தவறியது. தவறியது என் கை இல்லை. அந்த இடத்தில் தாமதத் தட்டே இல்லாமல் அடுத்த தட்டு வந்துவிடுகிறது. எண் சொல்லும் குழந்தைகள் பதினெட்டிலிருந்து இருபத்தாறுக்குப் போகிறார்கள்.

நாலு வருடம் பேட்டிகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன். யாரோ நடுவில் வெட்டியிருக்கிறார்கள்.

நெட்வொர்க் விட்டு விட்டு வந்திருக்கும். அப்படியும் ஆகும்.

ஜூன் 18, புதன்

இருவரும் மீண்டும் வந்தார்கள். பாப்பாவுக்கு வெள்ளிக் கொலுசு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காரில் இன்னொருவர் இருந்தார், மேலே வரவில்லை.

பள்ளிபாளையம் பக்கம் மூன்று நாளாகத் தெருத்தெருவாகத் தேடுகிறார்களாம். தெரு தெரிந்தால் போதும் என்றார். போலீசில் எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்டேன். குடும்ப கௌரவம் என்றார். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டேன். ரேணுகாவைப் பார்த்தார். அவள்தான், "பையனுங்க" என்றாள்.

டீ போட சமையலறைக்குப் போனேன், அவளும் வந்தாள். பாலைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நெசமாவே தெரியுமுங்களா, எந்த வீடுன்னு?" என்றாள். கிட்டத்தட்ட என்றேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள். இப்போதும் வலிக்கிற அளவுக்கு அழுத்தம். பாசமான பெண்.

ஜூன் 19, வியாழன்

அது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. பாலத்தருகே அங்கன்வாடியை ஒட்டி இருப்பது ஒரே ஒரு சைசிங் ஆலைதான். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியாகத்தான் இருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ரேணுகா. மாமியாரின் போனிலிருந்து முழுப் பதிவையும் எடுத்துவிட்டாளாம், அனுப்புகிறேன், கேட்டதும் அழித்துவிடுங்கள் என்றாள். பின்னால் மாடு ஒன்று கத்தியது, பம்புசெட் ஓடியது. பயத்திலும் அதைத்தான் கவனித்திருக்கிறேன்.

முழுப் பதிவு ஐம்பத்தைந்து நொடி. வெட்டிய இடத்தில் இருந்தது இது: "அம்மா, அண்ணன் கேட்டா இந்த நம்பரக் குடுத்தராதம்மா. போன தடவ வந்தப்ப அது கையில என்ன வெச்சிருந்துச்சுன்னு நீயுந்தான பாத்த. எனக்காகக் கேக்கலம்மா. பையனுக்காகக் கேக்கறேன்."

இத்தனை நாளில் அந்தப் பதிவை நூறு முறையாவது கேட்டிருப்பேன். சுபாஷினியின் குரலுக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் கேட்டேன். அவளை ஒரு முறை கூடக் கேட்கவில்லை. வெட்டாமல் விட்ட பகுதியிலும் அவள் குரல் அடங்கித்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போல.

பதினைந்தாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். "கொஞ்சம் சொன்னேன்" என்று இருக்கிறது. கொஞ்சம் இல்லை. பாலத்துக்குப் பள்ளிபாளையம் பக்கம், ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், வடக்கே என்று வரைபடமே போட்டு அனுப்பினேன். அவர் பாராட்டப் பாராட்ட, கேட்காததையும் சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி எழுதியதும் பாதிதான். தடுப்பணையிலிருந்து பேசிய அந்தப் பெண்ணின் அப்பா அடுத்த வாரம் நிலையத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொல்லி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் வேலையை விட்டது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்று எல்லோரிடமும் சொன்னேன். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தார்.

ரேணுகா சொன்ன கடைசிச் செய்தி: நாளைக் காலை நாலு காரில் வருகிறார்கள். நான் தெருவைச் சொல்லாவிட்டாலும் வீடு வீடாகப் பார்ப்பார்கள்.

சசியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவரை நான் கூப்பிட்டுப் பழக்கிவிட்டது அப்படி.

ஜூன் 21, சனி

விடிந்ததும் பாப்பாவைத் துண்டில் கட்டித் தோளில் போட்டு, டவுன் பஸ் பிடித்துப் பள்ளிபாளையம் போனேன். போலீசுக்குச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, அவர்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கார் வந்துவிடும் என்றுதான் தோன்றியது.

சைசிங் ஆலையின் மதில் நீளத்துக்கும் நடந்தேன். மதில் முடியும் இடத்தில் அங்கன்வாடி, அதன் பின்னால் வரிசையாக ஒட்டிய எட்டு லைன் வீடுகள். யாரிடமும் வழி கேட்கவில்லை. நொண்டுகிற தறி எங்கே கேட்டதோ அங்கே நின்றேன்.

வாசலில் ஒரு சின்னப் பெண், மடியில் இரண்டு மாதக் குழந்தை. "யாருங்க வேணும்?" என்றாள். "சுபாஷினி?" என்றதும் முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்து குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். நான், பயப்படாதே, நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று பேசப் பேச, அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அக்கா, நீங்க பத்து நொடி அக்காங்களா?"

தினமும் கேட்பாளாம். காதலித்த நாளில் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குடோனில் கேட்பார்களாம். நான் போன பிறகு அந்த நிகழ்ச்சி செத்துவிட்டது என்றாள். உள்ளே வாங்க, டீ வைக்கிறேன் என்றாள். எப்படித் தன்னைக் கண்டுபிடித்தேன் என்று கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. அபிமானம்.

"உங்க அண்ணனுக்கு நாந்தான் சொன்னேன்" என்றேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் நின்றது.

"எவ்ளோ சொன்னீங்க?"

"பாலம் வரைக்கும். இந்தப் பக்கம், ஆத்துக்குக் கிட்டன்னு."

அவள் உள்ளே திரும்பி, "தினா" என்றாள். உரக்கக் கூட இல்லை. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் கணவன் தினகரன் பஞ்சு படிந்த தலையோடு வந்து, என்னைப் பார்த்து, அவளைப் பார்த்து, புரிந்துகொண்டான். முன்பே பழகி வைத்தது போல இருவரும் வேலை செய்தார்கள். ஒரு பை, குழந்தைத் துணி, சான்றிதழ் உறை. அந்த நேரம் இரண்டு குழந்தைகளும் என் மடியில் இருந்தன. அவள் பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். அவன் பெயரை நான் கேட்கவில்லை, கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஆற்றோரப் பாதையில் இறங்கும்போது சுபா, "அக்கா, நாங்க இப்ப" என்று ஆரம்பித்தாள். தினகரன் அவள் தோளைத் தொட்டான். நிறுத்திக்கொண்டாள். என்னை ஏன் நம்ப வேண்டும்? ஆனாலும் என் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டாள். "போய்ச் சேந்ததும் கூப்படறேனுங்க்கா."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது எட்டே கால். வெள்ளைக் கார் எனக்கு முன்னால் நின்றது. பூபதி கண்ணாடியை இறக்கினார். பக்கத்தில் இன்னொரு ஆள், பின்னால் ஒரு சாக்கு சுற்றிய நீளமான பொருள். மற்ற மூன்று கார்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது.

"என்னம்மிணி, இந்தப் பக்கம்?"

மைக் முன்னால் உட்காரும்போது என் வயிற்றுக்குள் ஒன்று நேராகும். காய்ச்சலோ அழுகையோ, சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் சிரித்துக்கொண்டு வரும். இன்றும் வந்தது.

"உங்களுக்காகத்தானுங்க வந்தேன். நேர்ல கேக்காம உறுதியாச் சொல்ல முடியாதில்லீங்க? தப்பாச் சொல்லிட்டனுங்க. இது காவேரிப் பாலம் இல்ல. நொய்யல் பாலம், கரூர் போற லைனு. இங்க எதிரொலி வேற மாதிரி இருக்குது."

நம்பினார். நம்புவதற்கு அவரை நானே பழக்கியிருந்தேன். எல்லாக் காரையும் அங்கே கொண்டுவரச் சொன்னேன். தேடுவதற்கு ஆள் வேண்டும் இல்லையா என்றேன். பாப்பாவோடு அவர் காரில் ஏறினேன்.

ஒன்றே கால் மணி நேரப் பயணம். கண்ணாடியை இறக்கச் சொன்னேன், காது பழக வேண்டும் என்றேன். கொடுமுடி தாண்டியதும் பாப்பா பசியில் அழ ஆரம்பித்தாள். வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, இரண்டு ஆண்களையும் இறங்கச் சொல்லி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். சாக்குச் சுருள் என் முழங்காலில் இடித்தது. அவசரமே இல்லாமல் கொடுத்தேன். பாப்பா குடித்து முடித்த பிறகும் வைத்திருந்தேன்.

நொய்யல் பாலத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தேன். வந்தது. கண்ணை மூடி, விரல்களை மடக்கி, "இதேதானுங்க" என்றேன். ஆட்கள் தெருக்களுக்குள் போனார்கள். மதியம் வரை தேடினார்கள். அதற்கு மேல் வெயிலும் பாப்பாவும் தாங்கவில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கேட்டை அவரே திறந்து, கொண்டியைக் கையில் பிடித்தபடி மெல்லச் சொன்னார்.

"நொய்யல்ல ஒரு தறி கூட இல்லீங்க, அம்மிணி. எனக்கும் காது இருக்குது."

ஜூன் 22, ஞாயிறு

காலை 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர், அவர் பெயர், கார் எண், அந்தச் சாக்குச் சுருள். அந்தப் பக்கம் இருந்த பெண் நிதானமாக எழுதிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அவர் தனியாக வந்தார். இந்த முறை கொண்டி விழுந்த சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள். ராஜாமணி அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் முறத்தோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தார். நான் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிலையில் நின்றேன்.

நேற்று சாயங்காலமே திரும்பப் போய் அந்த லைன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாராம். தறியில் பாவு பாதியில் நிற்கிறது, அடுப்பில் டீத்தண்ணி வைத்தபடி இருக்கிறது என்றார்.

"எங்க போனாங்க?"

"தெரியாது."

"கேட்டிருப்பீங்களே."

"கேக்கல."

என் முகத்தையே பார்த்தார். அது உண்மை என்பது தெரிந்ததும் அவருக்குக் கோபம் அதிகமானது. "உங்க ஊட்லயும் பொம்பளப் புள்ள இருக்குது. நாளைக்கு அது எவன் பின்னாலயாவது போவும், அப்பத் தெரியும்" என்றார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொலுசை எடுத்து நீட்டினேன். ராஜாமணி அக்காதான் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி, படி குறுகல். பாத்து எறங்கு" என்றார்.

இறங்கினார்.

ஜூன் 23, திங்கள்

காவல்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து எழுதி வாங்கிப் போனார். சுபாவிடமிருந்து அழைப்பு இல்லை. ரேணுகாவின் எண் அணைந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நாளிதழ் வாங்கினேன். மாவட்டப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஜூன் 25, புதன்

ஒன்றும் இல்லை. பாப்பா குப்புற விழுந்தாள், தானாக.

ஜூன் 27, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. பேப்பரில் "இளம் தம்பதி" என்று ஒரு தலைப்பு. வேறு ஊர், வேறு விஷயம், லாட்ஜில் திருட்டு. முழுதும் படித்து முடிக்கும் வரை உட்காரவே இல்லை.

கவுந்தப்பாடியில் பூபதியை விசாரித்தார்களாம். ரேணுகா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதாக அந்த அதிகாரி சொன்னார். தானாகப் போனாளா, அனுப்பினார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

சசி வந்துவிட்டார். டைரியைப் படிக்கக் கொடுத்தேன். பேசிச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. இருபத்தோராம் தேதிக்கு வந்ததும் எழுந்து வெளியே போய் மாடி விளிம்பில் நின்றார். வெகுநேரம் கழித்து வந்து, "பாப்பாவையும் தூக்கிட்டா அந்தக் கார்ல ஏறுன?" என்றார். ஆமாம் என்றேன். தூங்கும் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, தானே துளை போட்டுப் பொருத்தினார். திருகாணியை நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண். பாப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடினேன். ஒன்பது நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

விரல் திரைக்கு மேலே போய் நின்றுவிட்டது. எடுத்தால் அவள் குரல் கேட்கும். அவள் குரலுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், பஸ்ஸோ மில்லோ மழையோ. நான் வேண்டாம் என்றாலும் என் காது எடுத்துக்கொள்ளும். அடுத்த நாள் ஒருவர் வந்து என்னைப் பாராட்டினால், மிரட்டினால், பாப்பாவைக் காட்டிக் கேட்டால், நான் எத்தகையவள் என்று எனக்கு இப்போது தெரியும்.

முழுதும் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. சசி சமையலறையிலிருந்து வந்து, "எடுக்கலையா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாப்பாவைத் துண்டோடு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது முறையும் அடித்தது. கடைசி வரை கேட்டேன். அவள் விடவே இல்லை. பிறகு நின்றது. அந்த எண்ணை அழித்துவிட்டு, பாப்பாவுக்குப் பவுடர் போடப் போனேன்.